நன்மரணமும் சல்லேகனையும்
கிறித்தவ அறநூல்களைப் படித்த ஒரு சமண வணிகனின் மதிப்பீடு

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நம் சங்கத்துச் செயலாளரிடம், "நான் பேரல் விற்கிறவன், பேராசிரியர் இல்லை" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஜீடிமெட்லாவில் மருந்து ஆலைகளுக்குப் பிளாஸ்டிக் பேரல் சப்ளை செய்துகொண்டே, கடையில் கூட்டம் இல்லாத மதிய வேளைகளில் படித்துச் சேர்த்தது என் படிப்பு. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சமணன் கிறித்தவ அறநெறியைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். சமண முனிவர்கள் செய்த நாலடியாரை 1893இல் ஆங்கிலத்தில் தந்தவர் ஜி.யு. போப் என்னும் கிறித்தவப் பாதிரியார். அவர் நம் நூலைப் படித்தார், பாராட்டினார், சில இடங்களில் கண்டிக்கவும் செய்தார். அந்தக் கடன் நமக்கு நிலுவையில் இருக்கிறது. வியாபாரி கடனை மறக்கக்கூடாது.

ஒரு கேள்வி

2015 ஆகஸ்ட் 10ஆம் நாள் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சமணர்கள் மேற்கொள்ளும் சல்லேகனை, வடநாட்டார் சந்தாரா என்பது, தற்கொலை முயற்சியே என்றது அத்தீர்ப்பு. நோற்பவர் மீது இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவும், துணை நிற்பவர் மீது 306ஆம் பிரிவும் பாய வேண்டும் என்றது. ஆகஸ்ட் 24இல் நாடெங்கும் சமணர்கள் மௌன ஊர்வலம் போனார்கள். ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

அந்த வாரம் நம் சங்கத்துக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். தூத்துக்குடிக்காரர் ஒருவர், பாலாநகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கத்தோலிக்கர், எனக்கு முப்பது வருஷப் பழக்கம். அவர் கேட்டார்: "நயினாரே, தப்பா நினைக்காதீங்க. பட்டினி கிடந்து சாகுறது தற்கொலை இல்லாம வேற என்ன?"

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. நான் பிறந்தது செஞ்சிப் பக்கம். எங்கள் ஊருக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய பாறைக்குப் பக்கத்தில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தி கல்லில் வெட்டியிருக்கிறது. தமிழகத்தின் பழைய கல்வெட்டுகளில் ஒன்று அது. 30 நாள் நோற்ற இளையபட்டாரர் என்பவருக்கும் அங்கே பிற்காலக் கல்வெட்டு உண்டு. சிறுவயதில் அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தவன் நான். அதைத் தற்கொலை என்றால் எப்படித் தாங்குவது? "அண்ணாச்சி, உங்க வேதம் மட்டும் என்ன சொல்லுது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். அவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கிறித்தவ மரபின் இரண்டு குரல்கள்

முதல் குரல் கண்டிப்பானது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் முதற்பகுதியிலேயே இதை எடுத்துக்கொள்கிறார். கொலை செய்யாதே என்ற கட்டளையில் 'பிறரை' என்ற சொல் இல்லை, ஆகவே அது தன்னையும் உள்ளடக்கும் என்பது அவர் வாதம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் மூன்று காரணங்கள் அடுக்குகிறார். தன்னைக் கொல்வது தன்மீது உயிர்க்கு உள்ள இயல்பான அன்புக்கு விரோதம்; தான் அங்கமாக இருக்கும் சமுதாயத்துக்கு அநீதி; உயிரைக் கொடுத்த இறைவனுக்குச் செய்யும் துரோகம். நண்பரின் கேள்வி இந்த வழியாக வந்ததுதான்.

இரண்டாவது குரல் பலருக்குத் தெரிவதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் சலமாங்காவில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்ற துறவி பாடம் நடத்தினார். நோயாளி ஒருவருக்கு உணவு இறங்கவே இல்லை, உண்பதே சித்திரவதையாக இருக்கிறது என்றால், அவர் உண்ணாமல் இருப்பது பாவம் ஆகாது என்றார் அவர். மருத்துவர் கோழியும் கௌதாரியும் சாப்பிடச் சொன்னாலும், சாதாரண உணவாகிய முட்டையோடு ஒருவர் நிறுத்திக்கொள்ளலாம், விலையுயர்ந்ததைத் தேடிப்போய் ஆயுளை நீட்டும் கடமை எவருக்கும் இல்லை என்பதும் அவர் கருத்து. சமணனாகிய எனக்கு இரண்டும் ஆகாது. ஆனாலும் நியாயம் புரிகிறது.

இதிலிருந்து வளர்ந்ததுதான் 'சாதாரண வழி, அசாதாரண வழி' என்ற பாகுபாடு. 1957 நவம்பர் 24இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருந்து நிபுணர்களிடம் பேசியபோது இதை நவீன மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். ஆள், இடம், காலம் ஆகியவற்றைப் பொறுத்து, தனக்கோ பிறருக்கோ பெருஞ்சுமை ஆகாத வழிகளைத்தான் மனிதன் கையாளக் கடமைப்பட்டவன். சுவாசக் கருவியை எல்லா நிலையிலும் பூட்ட வேண்டியதில்லை. 1980இல் வாத்திகன் வெளியிட்ட அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், குடும்பத்தின் மீது அளவுக்கு மிஞ்சிய செலவைச் சுமத்த விரும்பாமையையும் ஒரு நேர்மையான காரணமாக ஏற்றது. இதைப் படித்தபோது நான் நூலை மூடிவைத்து யோசித்தேன். உயிர்க் காரியத்தில் பணத்தைப் பற்றிப் பேசுவது அசிங்கம் என்று நாம் நினைக்கிறோம். நிலத்தை விற்று ஐ.சி.யூ. பில் கட்டிய குடும்பத்துக்குத் தெரியும் அது அசிங்கம் இல்லை என்று.

கிறித்தவம் என்றால் ஒரே குரல் என்றும் எண்ணிவிடக்கூடாது. அமெரிக்காவின் ஜோசப் பிளெட்சர் 1966இல் எழுதிய நூலில், அன்பு ஒன்றே சட்டம், மற்றவை சூழ்நிலையைப் பொறுத்தவை என்று வாதித்தார். அவர் ஆங்கிலிக்கன் மரபுக் குருவாக இருந்தவர். கத்தோலிக்கப் போப் இரண்டாம் ஜான் பால் 1995இல் எழுதிய சுற்றுமடலில் கருணைக் கொலையை அறவே மறுத்தார். ஒரே வேதத்திலிருந்து இரண்டு முடிவுகள்! இது கிறித்தவர்களுக்கு மட்டும் உள்ள சங்கடமா? எங்கள் வீட்டுக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

என் முதல் கண்டனம்

கத்தோலிக்க அளவுகோலில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. அது சிகிச்சையை எடை போடுகிறது: சுமை எவ்வளவு, பயன் எவ்வளவு. ஆனால் தராசில் வைக்கும் பொருளே காலத்துக்குக் காலம் மாறுகிறதே!

2004 மார்ச்சில் இரண்டாம் ஜான் பால், குழாய் வழியாக உணவும் நீரும் கொடுப்பது மருத்துவச் செயல் அன்று, அது இயல்பான பராமரிப்பு, எனவே கொள்கையளவில் கட்டாயம் என்றார். உணவு இறங்காதவர் உண்ண வேண்டியதில்லை என்று வித்தோரியா சொன்னது எங்கே, குழாய் போட்டாவது ஊட்ட வேண்டும் என்பது எங்கே? 2007இல் வாத்திகன் சில விலக்குகளைச் சொன்னது உண்மை. என்றாலும் கதவு பாதி சாத்தப்பட்டுவிட்டது.

அடுத்த ஆண்டே உலகம் இதை நேரில் பார்த்தது. அமெரிக்காவில் 15 ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்த டெரி ஷைவோவின் உணவுக் குழாய் நீதிமன்ற ஆணைப்படி 2005 மார்ச் 18இல் அகற்றப்பட்டது. 31இல் அவர் இறந்தார். கணவர் ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம் நின்று வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். அதே நாள்களில் போப் ஜான் பாலும் மரணத் தறுவாயில் இருந்தார். மார்ச் 30இல் அவருக்கு மூக்கு வழியாக உணவுக் குழாய் பொருத்தப்பட்ட செய்தி வந்தது. ஆனால் மறுபடி மருத்துவமனைக்குப் போகவில்லை. தம் அறையிலேயே ஏப்ரல் 2இல் உயிர் நீத்தார். குழாயை ஏற்றார், மருத்துவமனையை விட்டார். கிறித்தவ மரபின் இரண்டு குரல்களும் அவர் உடம்பிலேயே ஒலித்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

சிகிச்சையை எடை போட்டவர்கள், படுத்திருப்பவரைச் சுற்றி நிற்பவர்களின் மனத்தை எடை போட்டார்களா? என் கண்டனம் இதுதான்.

எங்கள் குடோன்

சமண மரபு மனத்திலிருந்து தொடங்குகிறது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனைக்கு நான்கு சூழ்நிலைகளைச் சொல்கிறார்: பேரிடர், பஞ்சம், மூப்பு, நோய். நான்குக்கும் ஒரே நிபந்தனை, பரிகாரம் இல்லாததாக இருக்க வேண்டும். அருங்கலச்செப்பு இந்நூலின் வழிவந்த தமிழ்நூல். ஐந்து குற்றங்களையும் அவர் எண்ணுகிறார்: இன்னும் வாழ ஆசைப்படுவது, சீக்கிரம் சாக ஆசைப்படுவது, அச்சம், உற்றாரை எண்ணி ஏங்குவது, நோற்ற புண்ணியத்துக்குப் பலன் எதிர்பார்ப்பது. சாக ஆசைப்பட்டாலே நோன்பு கெட்டது. தற்கொலையின் வேரே அந்த ஆசைதானே?

தத்துவார்த்த சூத்திரத்துக்கு உரை கண்ட பூஜ்யபாதர் ஒரு வணிகனை உவமை காட்டுகிறார். சரக்குக் கிடங்கு வைத்திருக்கும் வணிகன் கிடங்கு அழிவதை விரும்பமாட்டான். தீ வந்தால் அணைக்கப் பார்ப்பான். முடியாது என்று ஆகிவிட்டால் கிடங்கை விட்டுவிட்டுச் சரக்கைக் காப்பாற்றுவான். கிடங்கு உடம்பு, சரக்கு விரதங்கள்.

இந்த உவமை எனக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பல வருஷங்களுக்கு முன்பு என் குடோனுக்கு அடுத்த ஷெட்டில் சால்வென்ட் பற்றிக்கொண்டது. மணல் போட்டோம், தண்ணீர் அடித்தோம். ஒரு கட்டத்தில் தீயணைப்புக்காரர், "வெளியே வாங்க" என்றார். கணக்குப் புத்தகங்களையும் பையன்களையும் வெளியே கொண்டுவந்தேன். நான் குடோனை எரித்தேன் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அணைக்கவே முயலாமல் ஓடியிருந்தால் சொல்லியிருப்பார்கள், சொல்வதும் நியாயம்.

என் இரண்டாவது கண்டனம்: எங்கள் பக்கம்

இப்போது தராசை நம் பக்கம் திருப்ப வேண்டும். பிறர் நூலில் குறை கண்டுவிட்டுத் தன் நூலை மட்டும் பூப்போட்டுக் கும்பிடுவது விமரிசனம் ஆகாது.

சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டுக் கவுந்தியடிகள் உண்ணா நோன்பால் உயிர் விடுகிறார். எங்கள் வீடுகளில் இதைப் பெருமையாகச் சொல்வோம். சமந்தபத்திரர் விதியில் வைத்துப் பார்த்தால்? தீராத நோய் இல்லை, பஞ்சம் இல்லை. துயரம்தான் காரணம். தம் பொறுப்பில் வந்த இருவரில் ஒருவனைக் காக்க முடியவில்லையே என்ற துயரம். காவியத்தில் அது உயர்ந்த இடம். விதிப்படி அதைச் சல்லேகனை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

1955இல் குந்தல்கிரியில் ஆசாரியர் சாந்திசாகரர் உண்ணா நோன்பால் சமாதியடைந்தார். கண்பார்வை போய்க்கொண்டிருந்தது. பார்வை இல்லாமல் நடந்தால் சிற்றுயிர்களை மிதிக்க நேரும், முனிவரின் அகிம்சை விரதம் உடையும் என்பது காரணம். இங்கேதான் கிறித்தவ நெறியும் சமண நெறியும் உண்மையாகவே பிரிகின்றன. பார்வை இழப்பு உயிர் போக்கும் நோய் அன்று. எந்தக் கிறித்தவ அளவுகோலிலும் இது தேறாது. முனிவருக்கு விரதமே உயிர் என்பதால் நான் அதை வணங்குகிறேன். இல்லறத்தானுக்கு அதை முன்மாதிரி ஆக்குவதை ஏற்கமாட்டேன்.

கடைசியாக, நம் ஊர்ச் செய்தி. 2016 அக்டோபரில் செகந்திராபாத்தில் 13 வயதுச் சிறுமி 68 நாள் நோன்பிருந்த பின் இறந்தாள். அது சல்லேகனை அன்று, தவ நோன்பு. காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. சமண வீடுகளில் அன்று பலருக்கு வாய் அடைத்துப்போயிற்று. எனக்கும்தான். மனத்தைப் பார் என்கிறது எங்கள் நெறி. பதின்மூன்று வயது மனத்தில் எது தன் விருப்பம், எது சுற்றி நிற்பவர்களின் கைதட்டல் என்று யார் பிரித்துச் சொல்வது? மனத்தை அளவுகோலாக வைத்தால் வெளியே இருப்பவர் சோதித்துப் பார்க்க வழி இல்லை. கிறித்தவத் தராசு குறையுள்ளது என்றாலும் மேசை மேல் இருக்கிறது; எல்லாரும் பார்க்கலாம். எங்கள் தராசு நெஞ்சுக்குள் இருக்கிறது.

இதற்கு முன்னோர் ஒரு காவல் வைத்திருந்தார்கள். குருவின் அனுமதி இன்றி நோன்பு கூடாது. சமந்தபத்திரரே தீராப் பசிநோய் கண்டு சல்லேகனைக்கு அனுமதி கேட்டபோது, "உனக்கு இன்னும் பணி இருக்கிறது" என்று குரு மறுத்துவிட்டதாகக் கதை உண்டு. அனுமதி தரும் குருவைவிட மறுக்கும் குருதான் இன்று அதிகம் தேவை.

அண்ணாச்சி வீட்டில்

2019இல் அதே தூத்துக்குடி நண்பர் இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் அம்மாவுக்கு 86 வயது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டும், மூச்சுக் குழாயும் தேவைப்படலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டல்லஸில் இருக்கும் தம்பி போனில், "எவ்வளவு ஆனாலும் சரி, எல்லாம் பண்ணுங்க" என்கிறான். சென்னையில் இருக்கும் தங்கை அழுகிறாள். அம்மாவோ நினைவு தெளிவாக இருந்தபோது, "என்னைக் குழாயோட அனுப்பாதீங்கய்யா" என்று சொல்லியிருக்கிறார்.

"நயினாரே, நான் கையெழுத்துப் போட்டா அது கொலையா?"

நான் படித்த வித்தோரியாவையும் 1957ஆம் ஆண்டுப் பேச்சையும் சொன்னேன். அவர் மரபை அவருக்கே திருப்பிச் சொல்லும்படி ஆயிற்று. பிறகு எங்கள் மரபிலிருந்து ஒன்று கேட்டேன்: "அண்ணாச்சி, அம்மா இருக்கணும்னு ஆசையா, போயிடணும்னு ஆசையா?" வெகுநேரம் பேசாமல் இருந்தார். "ரெண்டும்தான்," என்றார். "ஒரு மணிநேரம் இது, ஒரு மணிநேரம் அது." அந்த இரண்டையும் ஒதுக்கிவைத்து, அம்மா சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மறுநாள் பங்குச் சாமியார் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். நம் ஊர்ப் பழைய கத்தோலிக்கர் இதை 'அவஸ்தை' என்பார்கள். அவரும் அதையே சொன்னார்: டயாலிசிஸை மறுப்பது கொலை ஆகாது, பராமரிப்பை நிறுத்தினால்தான் பாவம். சிந்தலில் உள்ள வீட்டுக்கு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தார்கள்; முகத்தைத் திருப்பினால் வற்புறுத்தவில்லை. உதட்டை நனைத்தார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள், வலிக்கு மருந்து கொடுத்தார்கள். படுக்கைக்கு மேலே சூசையப்பர் படம். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் அவர். வீரமாமுனிவரின் தேம்பாவணிக்கும் அவரே தலைவர். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது.

அந்த வீட்டில் எனக்கு ஒரு நினைவு வந்தது. 1971இல் எங்கள் ஊரில் என் பாட்டி போனதும் ஏறத்தாழ இப்படித்தான். சோறு கஞ்சியாயிற்று, கஞ்சி வெந்நீராயிற்று. ஊர்வலமும் இல்லை, பந்தலும் இல்லை. பக்கத்தில் ஒருவர் நமோகாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வீட்டில் ஜெபமாலை. இரண்டு வீட்டிலும் ஆள் மாற்றி ஆள் பக்கத்தில் இருந்தார்கள். கிறித்தவ அறநெறியின் பெரிய பலம் என்று நான் கருதுவது இந்தப் பக்கத்தில் இருத்தலைத்தான். 1952இல் அன்னை தெரசா காளிகாட்டில் தொடங்கிய இல்லம், 1967இல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் தொடங்கிய ஹாஸ்பிஸ், இவை தர்க்கத்தால் எழுந்தவை அல்ல. நோன்பிருப்பவரைப் பற்றி நாங்கள் எழுதிய அளவுக்கு, பக்கத்தில் இருப்பவரின் கடமையைப் பற்றிப் பேசுவதில்லை. வயாவிருத்தியம், அதாவது நோயுற்றவர்க்குத் தொண்டு, எங்கள் நூலிலும் தவம்தான், மறந்துவிட்டோம்.

சட்டமும் நாமும்

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்த செவிலியர் அருணா ஷான்பாகை, உடன் பணியாற்றியவர்களும் பின்வந்தவர்களும் ஏறத்தாழ 42 ஆண்டுகள் பார்த்துக்கொண்டார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அவருக்கான மனுவைத் தள்ளுபடி செய்தாலும், செயற்கை உயிர்காப்பை விலக்கிக்கொள்ளும் வழியைக் கொள்கையளவில் திறந்தது. 2015 மே மாதம் அவர் நிமோனியாவால் இயற்கையாகவே இறந்தார். 2018 மார்ச் 9இல் அரசியல் சாசன அமர்வு, மரண காலச் சிகிச்சை குறித்து ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பது செல்லும் என்றது. முதலில் மாஜிஸ்திரேட் ஒப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அது எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்றொப்பமும் போதும். பிறகு இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊரில் இருந்தால் பெரியப்பா, சித்தப்பா என்று முடிவெடுக்க நாலு பேர் இருப்பார்கள். இங்கே நமக்குப் பிள்ளைகள் ஒரு தேசத்தில், மருத்துவர் பேசும் பாஷை ஒன்று, கையெழுத்துக் கேட்கும் படிவம் வேறு பாஷையில். நள்ளிரவில் ஒற்றை ஆளாக நின்று முடிவெடுக்கும் நிலை நம்மில் பலருக்கு வரும். அந்த ஆளுக்கு, நம் மனத்தில் உள்ளதை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டுப் போவது நாம் செய்யும் கடைசித் தர்மம்.

போன மாதம் நானும் என் வீட்டுக்காரியும் உட்கார்ந்து எழுதினோம். அணைக்க முடிகிற தீயை அணைக்கப் பாருங்கள்; முடியாது என்றால் வெளியே வந்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் தூத்துக்குடி அண்ணாச்சி. படித்துப் பார்த்துவிட்டு, "இதுல எங்க மதத்துக்கு விரோதமா ஒண்ணும் இல்லையே நயினாரே" என்றார். "எங்க மதத்துக்கும் இல்லை" என்றேன்.